சேத்துப்பட்டு

கடைசி ரயில் போய்விட்டது.
முதல் ரயிலுக்கு இன்னும் நாலு மணி நேரம்.
இடையில் இருப்பது நானும்
ஐம்பத்து மூன்று நாள் ஆன ஒருத்தியும்.

பழவந்தாங்கல், இரண்டாம் மாடி,
தண்டவாளத்தைப் பார்த்த ஜன்னல்.
வீடு பார்க்க வந்தபோது
"சத்தமா இருக்குமே" என்று முகம் சுளித்தவள் நான்தான்.
இப்போது சத்தம் நின்றால்தான் பயம்.
சக்கரம் தடதடக்கும்வரை கேட்டுக்கொண்டு கிடப்பாள்.
கடைசிப் பெட்டியும் கடந்ததும்
கூரையை ஒரு கணம் வெறித்து
உதட்டைப் பிதுக்கி
ஆரம்பிப்பாள்.

பால் கொடுத்தாயிற்று.
தோளில் போட்டுத் தட்டி
ஏப்பம் வாங்கியாயிற்று, பாதிப் பாலையும் சேர்த்து.
என் நைட்டி முதுகில் அது காய்ந்துகொண்டிருக்கிறது.
துணி மாற்றி, மாற்றிய துணியை உடனே மாற்றி,
எறும்போ என்று தொடை மடிப்பில் டார்ச் அடித்து,
கொசுவோ என்று மட்டையோடு அறையைச் சுற்றி வந்தாயிற்று.
வயிற்றுவலியா என்று ஃபோனைக் கேட்டேன்.
அது உலகத்திலுள்ள எல்லா நோயையும் சொல்கிறது.
கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இன்பராஜுக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட்.
ஒரகடத்தில் யாருடைய காருக்கோ
கதவு பொருத்திக்கொண்டிருப்பான்.

எனக்குத் தாலாட்டு தெரியாது.
தெரிந்ததெல்லாம் ஏழு வருஷம்
வேலைக்குப் போய்வந்த வழி.
அதைத்தான் சொல்கிறேன், நடந்துகொண்டே,
அடுப்பு மேடையிலிருந்து பால்கனிக் கதவுக்குப் பதினொரு எட்டு.

பரங்கிமலை.
இறங்குறவங்க இறங்கட்டும். நாம ஓரமா உக்காந்துக்கலாம்.
கிண்டி.
கூட்டம் ஏறுது பாரு, காலை மடக்கிக்கோ.
இதோ அடையாறு வருது, மூக்கைப் பொத்து.
சைதாப்பேட்டை.
மாம்பலம்.
துர்கேஸ்வரி ஏறுவா, ஹேர்பின்னைப் பல்லுல கடிச்சுக்கிட்டு.
அவ மாமியார் கதை கோட்டை வரைக்கும் போதும்.
கோடம்பாக்கம்.
கண் தெரியாத அண்ணன் ஒருத்தர் பாஸ் கவர் விப்பாரு,
சில்லறையைத் தடவியே சரியாக் குடுப்பாரு.
நுங்கம்பாக்கம்...

காலையில் வந்ததும் கிரீஸ் கையைக் கழுவியபடி
குரலை இறக்கிக் கேட்பான்: "நேத்து எதுவரைக்கும்?"
கிண்டி என்றால் நல்ல இரவு.
எழும்பூர் என்றால் எனக்கு டீ போட்டுத் தருவான்.
தடுப்பூசி போட்ட அன்று
கடற்கரை போய், திரும்பி வந்து, மறுபடி கடற்கரை.
இரண்டாம் நடையில் பூங்கா தாண்டும்போது
நானும் அழுதேன்.
நல்லவேளை, பெட்டியில் யாரும் இல்லை.

இன்றைக்கு என்ன நடந்ததென்றால்
சேத்துப்பட்டு என்றேன்.
அழுகை நின்றது.
என் வாயையே பார்த்தாள்.
மறுபடி, கொஞ்சம் அழுத்தி: சேத்துப் பட்டு.
பல்லில்லாத வாய் ஒரு பக்கமாகக் கோணி,
பிறகு மறுபக்கமும் சேர்ந்து,
முகம் முழுக்கச் சிரித்தாள்.
தூக்கத்தில் யாருக்கோ சிரிப்பாளே, அது இல்லை.
எனக்கு. அல்லது அந்தப் 'ப்ப'வுக்கு.
ஒன்பது தடவை சொன்னேன்.
ஒன்பது தடவையும்.

ஏழு வருஷத்தில் ஒருநாளும்
நான் இறங்காத ஸ்டேஷன்.
யார் ஏறுவார்கள், யார் இறங்குவார்கள் என்றுகூடப் பார்த்ததில்லை.
அங்கே வந்தால்தான் டிபன் பாக்ஸ் மூடியைச் சரிபார்ப்பேன்.
நவம்பரில் லீவு முடிகிறது.
அப்போது அந்த வழியாகத்தான் போக வேண்டும்,
இவளில்லாமல், தினமும்.
அதை இப்போது யோசிக்கப் போவதில்லை.

தூங்கிவிட்டாள்.
படுக்க வைத்தால் விழிப்பாளோ என்று
கை மரத்துப்போய் ஜன்னலருகே நிற்கிறேன்.
கீழே முதல் ரயில்,
எல்லா விளக்கும் எரிய, ஆளே இல்லாமல்
தாம்பரம் பக்கமாகப் போகிறது.
அவள் அசையவில்லை.

எழும்பூர் பாக்கி.
பூங்கா, கோட்டை, கடற்கரை பாக்கி.